ரெடி சார்

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு 'ரெடி சார்' என்றே பெயர். பதினாறு வருடமாக இணை இயக்குநர். நடிகரின் காலர் பட்டனிலிருந்து மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் வரை சரிபார்த்துவிட்டு, இயக்குநரின் நாற்காலியைப் பார்த்து "ரெடி சார்" என்று குரல் கொடுப்பது அவர் வேலை. காலில் சக்கரம் கட்டியவர் மாதிரி திரிவார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தன் படம் ஒன்றை எடுக்காமல் கண்ணை மூடக்கூடாது என்ற வெறி மட்டும் இவருக்கு மாறவே இல்லை.

கடைசியில் ஒரு தயாரிப்பாளர் இவருடைய கதையைக் கேட்டு, இவரையே இயக்கச் சொன்னார். முதல் நாள் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் மீதியைச் சொல்வேன் என்று ஒரு கொக்கியும் போட்டார்.

அன்று காலை இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு உதவியாளர்கள் இருந்தும் திரைச்சீலையை இவரே இழுத்துவிட்டார், கதாநாயகியின் கைப்பையை இவரே மாட்டிவிட்டார். தயாரிப்பாளர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இயக்குநர் நாற்காலி காலி. விளக்குகள் எரிந்தன, தளம் அடங்கியது. இவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"ரெடி சார்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒளிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பியபோதுதான் இவருக்கு உறைத்தது. கூச்சம் பிடுங்கித் தின்றது.

பிறகு "ஆக்‌ஷன்" என்றார். அன்று எடுத்ததெல்லாம் நன்றாகவே வந்தது. என்ன பயன்? மாலையில் தயாரிப்பாளர் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப்போனார். கதை பிரமாதம் என்றார், உங்களை மாதிரி வேலை தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார் என்றார். இப்படி நன்றாக ஐஸ் வைத்துவிட்டு, வேறொரு இயக்குநரை ஏற்பாடு செய்வதாகவும், இவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

நுனி நாக்கு வரை 'சரி சார்' வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம் லேசில் போகுமா? அதை விழுங்கினார்.

"முடியாது சார். நான் எடுத்தாத்தான் இந்தக் கதை. இல்லன்னா கதையும் என்கூட வந்துரும்."

நன்றாக யோசித்துச் சொல்லும்படி தயாரிப்பாளர் சொன்னார். யோசித்தால் சம்மதித்துவிடுவோம் என்று இவருக்கே தெரியும். கிளம்பிவிட்டார். தெருமுனையில் நின்று மனைவிக்குப் போன் போட்டு நடந்ததை ஒப்பித்தார்.

"கைக்கு வந்தத தட்டிவிட்டுட்டு வந்திருக்கேன். பயமா இருக்கு."

"மொதல்ல வீட்டுக்கு வாங்க. நீங்க சரின்னு தலையாட்டிட்டு வந்திருந்தா, எனக்குல்ல பயமா இருந்திருக்கும்."