கிரேன் சிக்னலும் என் மகனின் முதல் சொல்லும்

என் மகன் ஜெரோமுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. ‘அப்பா’கூட வரவில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருவில் அவனைவிடச் சின்னக் குழந்தைகள் எல்லாம் வாயாடிக்கொண்டு திரியும்போது, என் மனைவி ரீட்டா கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். மாதாவை நம்பி வாழும் வாசகர்களான உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

காதைப் பரிசோதித்தார்கள், குறையில்லை. ஸ்பீச் தெரபி கொடுங்கள் என்றார் டாக்டர். முதலில் போன இடத்தில் நாற்காலியில் உட்கார வைத்துப் படம் போட்ட அட்டைகளைக் காட்டினார்கள். இவன் அட்டைகளை வீசினான், அலறினான், வாசலுக்கு ஓடினான். உட்காரப் பழகிய பிறகு அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே கோயிலுக்குப் போய் மாதாவிடமே சண்டை போட்டேன். “ஒரே ஒரு வார்த்தை குடு தாயே. ஊமைன்னு எவனாவது என் புள்ளைய சொன்னா நான் தாங்க மாட்டேன்” என்று வாய்விட்டே கேட்டேன். தவக்காலம் முழுக்க அதே ஜெபம்தான்.

ஈஸ்டர் முடிந்ததும், பங்குக் கோயிலில் ஒரு அக்கா சொல்லித் திருவொற்றியூரில் ஸ்பீச் தெரபி கொடுக்கும் யமுனா மேடத்திடம் போனோம். கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. உள்ளே போனதுமே ஜெரோம் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். போச்சு, இங்கேயும் விரட்டப் போகிறார்கள் என்று அவன் காலைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மா என்னைத் தடுத்துவிட்டு, சுடிதார் தரையில் புரள, தானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்!

கையில் சோப்புக் குமிழி ஊதும் டப்பா. ஒரு தடவை ஊதினார். மூடியை இறுக்கிவிட்டுச் சும்மா இருந்தார். ஜெரோம் டப்பாவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அவர் கையைத் தள்ளினான். உடனே ஊதினார். மறுபடி மூடினார். எனக்குப் பொறுக்கவில்லை. “ஊதுன்னு சொல்லுடா!” என்று வெளியிலிருந்து கத்தினேன்.

“அப்பா, நீங்க கொஞ்சம் கம்முனு இருங்க. பேச வேண்டியது அவன்” என்றார் மேசைக்கு அடியிலிருந்து.

ரீட்டா சிரித்துவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

வாராவாரம் போனோம். அவனுக்குச் சலிப்புத் தட்டுவதற்கு முன்பே அந்த அம்மா விளையாட்டை மாற்றிவிடுவார். பொம்மைக்குத் தலையில் செருப்பு மாட்டுவார். தப்பு என்று இவன் கோபத்தில் சத்தம் போடுவான். அந்தச் சத்தம்தான் அவருக்கு வேண்டும். அடுக்கிய கட்டைகளை இவன் எத்தனை முறை சாய்த்தாலும் சலிக்காமல் மறுபடி அடுக்குவார். அந்தப் பொறுமை எனக்குச் சத்தியமாக வராது. ஆனாலும் வார்த்தை மட்டும் வரவில்லை. மழைக்காலம் வந்தபோது குமிழியும் பொம்மையும் புளித்துப்போய், ஜெரோம் ஜன்னலை விட்டு நகரவே மறுத்தான். கீழே சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்து விரலை மேலே நீட்டிச் சுழற்றினான்.

நான் பாய்ந்து போய் அவன் கையை இறக்கினேன்.

“இன்னா அது? ஏன் தடுக்குறீங்க?” என்றார் மேடம்.

சொன்னேன். துறைமுகத்தில் எனக்கு சிக்னல்மேன் வேலை. கப்பலின் மேல்தளத்தில் நின்று கிரேன் ஓட்டுபவருக்குக் கையால் காட்ட வேண்டும். விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு, முஷ்டியை மூடினால் நிறுத்து. வீட்டில் நான் விளையாட்டுக்குச் செய்து காட்டியதை இவன் அப்படியே பிடித்துக்கொண்டான். “கையாலயே காட்டிக்கினு இருந்தா வாய் எதுக்குத் தொறக்கும் நைனா?” என்று என் அண்ணன் பயமுறுத்தியதிலிருந்து, அவன் கையைத் தூக்கினாலே தட்டிவிடுவேன்.

மேடத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. “இவ்ளோ நல்ல விஷயத்த வூட்டுலயே வெச்சிக்கினு எங்கிட்ட சொல்லாம கீறீங்களே! கை காட்டினா பேச்சு நிக்காது, அப்பா. கை முன்னாடி போவும், வாய் பின்னாடியே வரும். நீங்கதான் இப்ப கிரேன். அவன் சிக்னல்மேன்.”

அன்று அந்த அறையில் நான் கிரேன் ஆனேன். அவன் விரலைச் சுழற்றினால் அவனைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மேடம் ‘மேல’ என்று ஒரே வார்த்தை சொல்வார். கீழே சுழற்றினால் ‘கீழ’. ஜன்னல் பக்கமே திரும்பாமல் ஜெரோம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீட்டிலும் செய்யுங்கள், ஆனால் தூக்குவதற்கு முன் கொஞ்சம் காத்திருங்கள் என்று அனுப்பினார். அவசரக்காரனான எனக்கு அதுதான் பெரிய தவம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ஷிப்ட் முடித்து முதுகு வலியோடு வந்து தரையில் உட்கார்ந்தேன். ஜெரோம் என் முன்னால் வந்து நின்றான். விரலைச் சுழற்றினான். அவன் அக்குளில் கையைக் கொடுத்துக் காத்திருந்தேன். ரீட்டா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவன் என் வாயையே பார்த்தான். உதடுகள் ஒட்டின. “மே...” என்றான். பிறகு, “மேய!”

தூக்கினேன். அழுதுகொண்டே தூக்கினேன். முதுகு வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. ரீட்டா மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்துவிட்டாள்.

இப்போது எல்.கே.ஜி. போகிறான். மற்றப் பிள்ளைகள் அளவுக்குப் பேச்சு இல்லை, இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்கிறான். தெரபி தொடர்கிறது. நான் மாதாவிடம் கேட்டேன். மாதா குங்குமப் பொட்டு வைத்த யமுனா மேடத்தை அனுப்பினார். அவருக்காகத் தினமும் எங்கள் ஜெபமாலையில் ஒரு மணி உண்டு. பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்களே, நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளையைத் தெரபிக்கும் தூக்கிக்கொண்டு போங்கள். மாதா கைவிட மாட்டார்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் சிக்னல்மேன் வந்து எதிரில் நிற்கிறார். முஷ்டியை மூடிக் காட்டுகிறார்.

“அப்பா, எய்தினது போதும். மேல!”