இரண்டு பை வைத்த சட்டை

எங்கள் முதியோர் இல்லத்தில் அவளைப் 'பாக்கெட் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். சட்டைகள் எல்லாம் சிவப்பு; ஒவ்வொன்றிலும் முன்னால் இரண்டு பெரிய பைகள். உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

இளவயதில் நூல் மில்லில் வேலை பார்த்தவள். பெண்கள் நூலைத் திருடுவார்கள் என்று சீருடையைப் பை இல்லாமல் தைத்துக் கொடுத்தார்கள். அப்படியும் மாலையில் வாசலில் நிறுத்தி ஆண் காவலாளிகள் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். அவள் ஆள் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். முடிந்ததும் மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், அவளைச் சேர்க்கவில்லை. அதன்பின் பை இல்லாத துணி அவள் உடம்பில் ஏறியதில்லை.

பக்கவாதத்தில் இடது கை விழுந்த பிறகு எங்களிடம் வந்தாள். அவளுக்கு உடுத்திவிடுவது என் வேலை. போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தேன். கழற்றுவதை மட்டும் தானே செய்யப் பழகிக்கொண்டாள்.

அந்த மில் முதலாளியின் மகன் இல்லத்துக்கு அங்கிகள் கொடுத்தான். சாம்பல் நிறம், மார்பில் மில்லின் பெயர், பை கிடையாது. அவன் வரும் நாளில் எல்லாரும் அதையே போட வேண்டும் என்றார் மேலாளர்.

"நான் போட மாட்டேன்."

"போட்டா தேஞ்சா போயிடுவீங்க? ஒரு மணி நேரந்தானேம்மா!"

"ஒரு நிமிஷம்கூட மாட்டேன்."

"அப்ப ரூம்லயே கிடங்க."

"ஏன் கிடக்கணும்? அவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

அவன் வந்த அன்று நான் பக்கத்து அறையில் வேறொருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, மேலாளர் சொன்னார் என்று இரண்டு பணிப்பெண்கள் அவளுடைய சிவப்புச் சட்டைக்கு மேலேயே அங்கியை மாட்டிவிட்டார்கள். நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு, விழுந்த கையை முறுக்கி இழுத்திருக்கிறார்கள். அலறல் கேட்டு ஓடினேன்.

"மனுஷிக்கு உடுத்திவிடுறீங்களா, தலையணைக்கு உறை மாட்டுறீங்களா? தோள் கழண்டா யாருடி பதில் சொல்றது?"

அங்கியைக் கழற்றப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "விடு. இப்படியே தள்ளிட்டுப் போ."

கூடத்தில் அவன் புகைப்படக்காரனோடு அவளுடைய சக்கர நாற்காலிக்கு முன்னால் குனிந்தான். "துணி சௌகரியமா இருக்காம்மா?"

அவள் அங்கியின் பொத்தான்களைக் கழற்றினாள். நல்ல கையை உருவினாள். துணியை முதுகுப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து விழுந்த கையிலிருந்து இழுத்தாள். வெகுநேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை, நானும்தான். அங்கியைச் சுருட்டி அவன் கையில் திணித்தாள்.

"உங்க மில்லுல எங்களுக்குப் பாக்கெட் வைக்கல தம்பி. இப்ப ரெண்டு வெச்சிருக்கேன். தடவிப் பாத்துட்டுப் போங்க. உங்கப்பா ஆளுங்க தினமும் பாத்தாங்க."

அவன் புகைப்படத்துக்காக வைத்திருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. பத்திரிகைக்குப் படம் எதுவும் போகவில்லை.

மாலையில் தோள் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தேன்.

"ரொம்ப வலிக்குதா அக்கா?"

"வலிக்காம என்ன? அதுக்காக நாளைக்கு அந்தச் சாம்பலை எடுத்துட்டு வந்துடாதே."