மஞ்சள் துணிக்குள் மூன்று சுற்று

திங்கட்கிழமை முப்பத்தொரு இணுக்கு. செவ்வாய்க்கிழமை நாற்பத்து நான்கு. எல்லாம் பழுத்து, செனாவாங்கில் என் வீட்டு வாசல் வேப்பமரத்திலிருந்து உதிர்ந்தவை. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். எண்ணாமல் இருக்க முடியுமா?

பக்கத்து வீட்டு முனியம்மா மேல்தான் சந்தேகம். அதே தோட்டத்தில் பால் மரம் சீவியவர். இலை விழுந்து தன் வீட்டு லொங்காங் சாக்கடையை அடைக்கிறதென்று போன மாதம் முணுமுணுத்தார். அவர் போர்ச்சில் களைக்கொல்லி போத்தல் இருக்கிறது. போதாததற்கு, என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். தப்பு செய்யாதவர் எதற்குச் சிரிக்க வேண்டும்?

"மரம் செத்தா இந்த ஆடிக்கு எங்கே விளக்கு வைக்கிறதாம்?" என்று மனைவி வேறு தினமும் கேட்கிறாள்.

வியாழக்கிழமை கேட்டே விட்டேன். "முனியம்மா, என் மரத்துக்கு என்னத்த ஊத்தின?"

"நானா? தள்ளுங்க கிராணியாரே, பார்ப்போம் லா."

வந்தவர் மண்ணைப் பார்க்கவில்லை. மரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். அதற்கு மேலே அடிமரம் புடைத்திருந்தது; கீழே ஒடுங்கியிருந்தது. துணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

"சாமி துணி அது!"

"செருப்பைக் கழட்டிட்டுத்தான் தொடுறேன்."

ஆடிக்கு ஆடி, பழையதன் மேலேயே புதுத் துணி சுற்றுவது என் வழக்கம். ஏழு துணி. ஏழாவதற்கும் உள்ளே... கம்பி. காற்றில் பறக்காமலிருக்க முதல் வருடம் நான் கட்டியது. மூன்று சுற்று. பட்டைக்குள் புதைந்து கிடந்தது.

"தண்ணி கட்டை வழியா மேல போயிடும். இலை ஆக்குற சோறு பட்டை வழியாத்தானே வேருக்கு இறங்கணும்? கம்பி மறிச்சு இங்கேயே நிக்குது, வீங்கிப்போய். கீழ வேர் பட்டினி."

குனிந்து கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"பால் சீவும்போது மரத்தைச் சுத்தி வெட்டாதே, பாதியோட நிறுத்துன்னு எங்ககிட்ட கத்துனது யாரு? வெட்டு ஆழமாயிடுச்சுன்னு எம்பேரை நோட்டுல எத்தனை தடவ எழுதுனீங்க?"

பதினொரு தடவை. எண்ணிக்கை மட்டும் எனக்கு மறக்காது.

பிளையரால் கம்பியை நறுக்கி எடுத்தார். அடிமரத்தில் ஒரு மேட்டின் ஓரப் பள்ளத்தில் கம்பி பதியாமல் விட்டிருந்த இடத்தைத் தடவினார். "நாலு விரல் பட்டை மிச்சமிருக்கு. பொழைச்சிக்கும்."

சந்தேகம் வந்தால் கண் முதலில் வேலிக்கு அந்தப் பக்கம்தான் போகிறது. நம் கை கட்டிய முடிச்சை யார் பார்க்கிறோம்?

மூன்று வாரமாயிற்று. இன்று உதிர்ந்தது பத்தொன்பது. அதில் நான்கு முனியம்மா வீட்டு லொங்காங்கில். நானே குனிந்து பொறுக்கினேன். போர்ச்சில் நின்று சிரித்தார் — இந்த முறை எதற்கென்று எனக்குத் தெரியும்.