நூறாவது கனெக்‌ஷன்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரனுக்குப் பெயர் பூட்டு. டேட்டாபேஸிலிருந்து எதை எடுக்க வேண்டுமானாலும் புரோகிராம் ஒரு கனெக்‌ஷனைத் திறக்கும். வேலை முடிந்ததும் மூட வேண்டும். எங்களிடம் நூறுதான் திறக்க முடியும். மூடாமல் விட்டால் நூறும் நிரம்பி எல்லாம் நின்றுவிடும். நான் மறப்பேன். அவன் மறந்ததே இல்லை. புரோகிராமில் மூடும் வரிக்குப் பக்கத்தில், யார் திறந்தது, யார் மூடியது என்று குறிப்பு வேறு எழுதி வைப்பான்.

"பூட்டுவப் பாத்துக் கத்துக்கோப்பா" என்பார் மேனேஜர், தினமும். டீம் லீடர் பதவியும் அவனுக்குத்தான் என்று ஆனபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆபீசில் என்னை மட்டும்தான் வாய் நிறைய 'மாப்ள' என்று கூப்பிடுவான். அதுவும் எரிந்தது.

ஒருநாள் அவன் டீ குடிக்கப் போனான். நான் அவன் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒரு மூடும் வரியை எடுத்துவிட்டேன். யார் மாற்றியது என்ற பதிவில் அவன் பெயர்தான் விழுந்தது.

அந்த ஞாயிறு எல்லாம் நின்றுபோனது. அவனை அவசரமாகக் கூப்பிட்டார்கள். மழையில் பைக்கில் கிளம்பியவன் வந்து சேரவே இல்லை.

"அவனே சொதப்பிட்டானேப்பா" என்று மேனேஜர் கலங்கினார். எந்த வரி போனது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பதவி எனக்கு வந்தது. பேச்சு மட்டும் அவனைப் பற்றியேதான். செத்தும் என்னை முந்துகிறானே என்று பொருமினேன்.

அவன் போய் நான்காவது ஞாயிறு. மதியம். அலுவலகத்தில் நான் மட்டும்.

3.02. திரையில், திறந்திருக்கும் கனெக்‌ஷன்களின் எண் 96.

3.05. 99.

நூறானால் எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். அந்த வரியைத் திரும்பப் போட்டால் போதும். போட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

100.

நிறுத்துவதற்குக் கையை நீட்டினேன்.

99.

நான் எதையும் தொடவில்லை...

98. 97.

பக்கத்து மேஜையில் 'டக்... டக்'. பூட்டு என்டரை இரண்டு முறை தட்டுவான். அந்த மேஜையில் இப்போது கீபோர்டே கிடையாது.

60... 31...

சொன்னால் சிரிப்பீர்கள். பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. இந்த வேகம் எனக்கு வராதே...

3.10. எண் 0.

'டக்... டக்.'

அவன் நாற்காலி மெல்ல என் பக்கம் திரும்பியது.

ஓடினேன்.

மறுநாள் காலை மேனேஜர் எல்லோரையும் தன் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். காணாமல் போன வரி திரும்ப வந்திருந்தது. போட்டவர் பெயர் பூட்டு. நேரம், ஞாயிறு 3.10.

"அவன் அக்கவுன்ட்ட அவன் போன மறுநாளே நான்தான் அழிச்சேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

வரிக்குப் பக்கத்தில் வழக்கம்போல ஒரு குறிப்பு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எடுத்தது மாப்ள. போட்டது பூட்டு."

ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.