குடிக்காமல் வைத்திருந்த ஐந்து குப்பிகள்

கொரோனாவுக்கு எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சமயம் அது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகள், கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் போல இருந்தாள். வரும்போது டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றையும் கொண்டு வந்தாள். ஆபீஸ் திறந்து கிளம்பும்போது, "இது இங்கனயே கிடக்கட்டும்மா, அங்க இருந்தா எனக்கு வேலை ஓடாது" என்று விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். அவள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பேன். கவசம் போட்ட ஒரு ஆள், கையில் வாள், இருட்டுக் கோட்டை, வழியெல்லாம் பிசாசு. அவள் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அந்த ரிமோட்டைக் கையில் எடுத்தேன். யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று அத்தனை கூச்சம். எதிர் வீட்டு மதினி கதவைத் தட்டினால் ரிமோட்டை அவரைக்காய் முறத்துக்கு அடியில் ஒளித்துவிடுவேன்.

"என்ன மதினி, பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு சண்டைப் படமா?" என்று கேட்பார். அவரும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். ஆமா என்று தலையை ஆட்டுவேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் ஒளிக்க முடியவில்லை. அவுக குமுளி மலைப்பாதையில் ரொம்ப வருஷம் காய்கறி லோடு வண்டி ஓட்டினவுக. இடுப்பு வலி வந்து வீட்டோடு இருந்தாக. முதல் நாள் கதவோரம் நின்று பார்த்தாக. மறுநாள் சேரை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாக.

அந்த விளையாட்டில் ஒரு பாலம் வரும். இந்தப் பக்கம் ஒரு விளக்கு. செத்துப்போனால் அந்த விளக்கடியில்தான் திரும்ப எழும்புவோம். அந்தப் பக்கம் பெரிய கதவு. கதவை மறித்துக்கொண்டு கோடாலியோடு ஒரு ராட்சசன். அவன் ரெண்டு போடு போட்டால் போதும், திரை கறுத்து சிவப்பில் எழுத்து வரும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. 'நீ செத்துட்ட'ன்னு அர்த்தம் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

"இன்னைக்கும் போய்ச் சேந்துட்டியா?" என்று அவுக சிரிப்பாக. அப்புறம் டிரைவர் புத்தி வந்துவிடும். "ஏ புள்ள, வளைவுல எதுத்தாப்ல வண்டி இறங்கும்போது நீயும் ஏறுனா எப்படி? அவன் திரும்பி முடிக்கட்டும். அப்புறம் போ."

விளையாட்டில் என் கவச ஆளிடம் அஞ்சு சிவப்புக் குப்பி உண்டு. குடித்தால் உசுரு கூடும். மகள் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"குடிக்கத்தான குடுத்திருக்கான்?" என்பாக.

"இருக்கட்டும். இதைவிடப் பெரிய கஷ்டம் வந்தா வேணும்ல" என்பேன்.

வீட்டிலும் நான் அப்படித்தான். மகள் எடுத்துக் கொடுத்த நல்ல சேலை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கும். குமுளிக்குப் போவதும் அப்படியே ஆனது. கல்யாணமான புதுசிலிருந்து, "ஒருநாள் என்கூட வண்டில ஏறி வா. மேல போய் நின்னு நம்ம ஊரு மொத்தத்தையும் பாக்கலாம்" என்று கூப்பிடுவாக. லோடு வண்டியில் முன்னால் ஏறி உட்கார எனக்கு வெட்கம். ஊரே பார்க்குமே. அப்புறம் போகலாம், அப்புறம் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, அவுக வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டாக.

"அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னதான் வச்சிருக்கான்னு பாத்துரணும்" என்று ஒருநாள் சொன்னாக. அதற்கு அடுத்த மாதம் நெஞ்சு வலி. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

மகள் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். ரெண்டு வருஷம் அங்கே இருந்தேன். அவள் ஆபீஸ் போனதும் செல்போனில் வேறு வேறு விளையாட்டு விளையாடிப் பழகினேன். கட்டைவிரலுக்கு வேகம் வந்தது. முன்னே மாதிரி பதறுவதும் குறைந்தது.

போன தை மாதம் கம்பத்துக்கே திரும்பி வந்தேன். பெட்டியைத் தூசி தட்டி மாட்டினேன். திரை வெளிச்சமானதும் பார்த்தால், என் ஆள் அந்த விளக்கடியிலேயே உட்கார்ந்திருந்தான். அவுக இருந்தபோது எங்கே விட்டோமோ அங்கேயே. அஞ்சு குப்பியும் அப்படியே இருந்தது.

பிறகு பாலத்தில் ஏறினேன். ராட்சசன் கோடாலியை ஓங்கினான். அவன் திரும்பி முடிக்கட்டும் என்று நின்றேன். அப்புறம் போனேன். பாதிக்கு மேல் அவனை அடித்துவிட்டேன், ஆனால் எனக்கும் உசுரு கொஞ்சம்தான் மிச்சம். இதைவிடப் பெரிய கஷ்டம் இனி என்ன வரப்போகிறது என்று தோன்றியது. ஒரு குப்பியைக் குடித்தேன். அப்புறம் இன்னொன்று. அஞ்சும் தீர்ந்தது. அப்படியும் செத்துப்போனேன்.

விளக்கடியில் எழும்பிப் பார்த்தால், அஞ்சு குப்பியும் நிறைந்திருந்தது.

நம்பவில்லை. பாலத்துக்குப் போய் ஒன்றைக் குடித்துவிட்டுத் திரும்ப விளக்குக்கு வந்தேன். அதுவும் நிறைந்தது. மகளுக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா, விளக்குக்கு வந்தாலே நிறைஞ்சிரும். இது தெரியாமயா அத்தன நாள் விளையாண்ட? அப்பாகூட குடிக்கச் சொல்லலையா?"

"சொன்னாக. நான்தான் கேக்கல."



பத்து நாள் போல ஆனது. ஒரு மத்தியானம் ராட்சசன் மண்டி போட்டு விழுந்தான். கதவு திறந்தது. உள்ளே புதையலும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒரு மலைப்பாதை வளைந்து வளைந்து மேலே போனது. கீழே பச்சையாக ஒரு பள்ளத்தாக்கு. எத்தனை வளைவு என்று அவுக எண்ணியிருப்பாக.

மறுநாள் மதினியிடம், "குமுளி வரைக்கும் போயிட்டு வருவோமா?" என்று கேட்டேன்.

"அங்க என்ன சோலி மதினி?"

"சோலி ஒண்ணும் இல்ல. பாக்கணும்."

பீரோவில் இருந்த சேலையைக் கட்டிக்கொண்டேன். "யாரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போறோம்?" என்று மதினி கேலி பண்ணினார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மேலே ஒரு வளைவில் திரும்பும்போது எங்கள் ஊரும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் மொத்தமாகத் தெரிந்தது. பஸ் நிற்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் எனக்கு இன்னும் ரொம்பத் தூரம் பாக்கி இருக்கிறது. தினமும் சாகத்தான் செய்கிறேன், ஆனால் குப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு சாகிறதில்லை. அவுக கூப்பிட்டபோது ஏறாமல் விட்ட அந்தப் பயணம் மட்டும்தான் எந்த விளக்கடிக்குப் போனாலும் திரும்ப நிறையாது.