எட்டுப் பேரும் ஓர் அண்டாவும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிப்போவார்கள். நான் வேண்டாம் என்ற வண்டியையே வாங்கி வருவார்கள். காரைக்காலில் முப்பது வருடமாக இதுதான் என் தொழில். அப்படி ஒன்றை வாங்கிவிட்டு வாரம் ஒருமுறை என் ஒர்க்‌ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இது ஒரே குடும்பம். மூன்று வண்டி பார்த்தோம்.

தலை எண்ணிக்கை

வரிச்சிக்குடி செல்வம் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கையில் நாலு லட்சம். அடுத்த மாதம், சித்திரையில், சின்ன மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயில் மன்னார்குடி தாண்டி. இருக்கிற சின்ன கார் போதாது, பெரிதாக வேண்டும் என்றார்.

முதலில் அவரே பிடித்துவைத்திருந்த ஒன்றுக்குக் கூட்டிப்போனார். நீளமான கார். டிக்கியில் நாலு நெல் மூட்டை போகும். சீட்டு என்னவோ அஞ்சுதான். வீட்டில் எத்தனை பேர் என்றேன். அப்பா, அம்மா, தம்பி, நாங்கள் இருவர், இரண்டு பெண்கள், ஆக ஏழு என்றார். பெண்களை மடியில் வைத்துக்கொள்ளலாமாம். பின்னால் நின்ற அவர் மனைவி கலா வாயைத் திறந்தார்.

“எட்டு. எங்கம்மாவும் நம்ம வீட்லதான் இருக்காங்க. பெரியவ காதுகுத்துக்கு அவங்களையும் அண்டாவையும் பஸ்ல ஏத்தி விட்டீங்க. வந்து எறங்குறப்ப காது குத்தி முடிஞ்சிருச்சு.”

தரை

அடுத்தது போலகத்தில். ஏழு சீட்டு. விலை கேட்டதும் செல்வத்துக்கு முகம் மலர்ந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி. கடலோரம் ஓடிய வண்டியில் நான் பெயின்ட் பார்ப்பதில்லை. மிதியடியைத் தூக்கினேன். உப்புக்காற்று தின்ற தகரம். விரலால் தட்டினேன், விரல் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தால் கீழே ஒரு கோழி.

விற்பவர் அசரவில்லை.

“அது காத்துக்குங்க. இந்த வண்டில ஏசியே போட வேணாம்.”

அண்டா

மூன்றாவது குரும்பகரத்தில், ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. ஏழு சீட்டு. எஞ்சின் சுத்தம், அடிப்பக்கம் சுத்தம், விலை நாலுக்குள். ஏசி மட்டும் அடுப்படிக் காற்றை ஊதியது. சித்திரை வெயிலில் எட்டுப் பேர் வெந்துபோவார்கள். வேண்டாம் என்றேன்.

யார் கேட்டது. செல்வம் குடும்பத்தோடு வந்திருந்தார். பித்தளை அண்டாவும் ஆட்டோவில் வந்திருந்தது. குலதெய்வத்துக்கு அதில்தான் பொங்க வேண்டுமாம். கடைசி சீட்டை நிமிர்த்தினால் அண்டா போகவில்லை. மடக்கினால் போகிறது, பெரியவர்களில் ஓர் ஆளுக்கு இடமில்லை. மேலே கட்டக் கேரியர் கிடையாது. இப்படியே நாலு தடவை மடக்கி நிமிர்த்தினார்கள். வாத்தியார் சீட்டின் கீலுக்காகக் கவலைப்பட்டார். செல்வம் ஐந்தாம் தடவை மடக்கிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அத்தை பஸ்ல வந்துருவாங்க. அவங்களுக்குப் பழக்கந்தான்.”

கடைசி சீட்டு

கலாவின் அம்மா அதுவரை அண்டாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அண்டா மாதிரி நின்றிருந்தார். மருமகனிடம் அவர் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. கலா போய்ச் சீட்டை நிமிர்த்தினார். கிழவி ஏறினார். முழங்கால் இரண்டு தடவை மறுத்தது. மூன்றாவது தடவை உள்ளே போய், கடைசி சீட்டின் மூலையில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டார். அவரை இறக்கச் சொல்லிச் செல்வம் மனைவியைப் பார்த்தார். கலா ஆட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அண்டாவ பஸ்ல அனுப்புங்க மாப்ள. அதுக்கும் பழக்கந்தான்.”

ஏசியைச் சொல்லி இன்னொரு தடவை வேண்டாம் என்றேன், அங்கேயே முன்பணம் கொடுத்தார்கள். என் பேச்சைக் கேட்காதவர்கள்மேல் எனக்குக் கோபம் வராமல் போனது முப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.