மேட்சலைத் தாண்டி ஒரு வாடகை வீடு

காலை ஒன்பது இருபது. ஹைதராபாத்தை அடுத்த மேட்சலிலிருந்து பதினொரு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் தலைக்கு முப்பது ரூபாய். இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, அத்தானின் வீட்டு கேட் முன் நின்ற சிவப்பு டிராலிப் பெட்டி. பக்கத்தில் ஓர் இளம்பெண். மிசோரம்காரர், இந்த ஊர் மருந்தகத்துக்கு ஓர் அறக்கட்டளை அனுப்பியிருக்கும் நர்ஸ். அவர் ஊருக்குள் தங்கினால்தான் மருந்தகம் இரவிலும் திறந்திருக்கும்.

அத்தான் என் அக்காவின் கணவர், திருநெல்வேலிக்காரர். பாதுகாப்புத் துறையில் ஓய்வு பெற்று நகருக்குள் அல்வாலில் இருக்கிறார். இந்த வீடு ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை வாடகைக்கு விடத்தான் வந்திருந்தோம்.

நர்ஸை அழைத்து வந்தவர் மருந்தக ஆயா லட்சுமம்மா. ஊரில் மூன்று வீடுகளில் மறுத்துவிட்டார்களாம். "மீரு கூடா பயட்டோள்ளே கதா சார்" என்றார் அத்தானிடம். நீங்களும் வெளியூர்க்காரர்தானே.

அத்தான் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குரலைக்கூடத் தாழ்த்தாமல், என்னிடம் தமிழில் சொன்னார்: "மாப்ளே, இது சைனாக்காரி மாதிரில்லா இருக்கு. போன்ல பேர மட்டுந்தான சொன்னாவ. என்னத்த எல்லாம் வேக வைப்பாளோ. சாவி தொலஞ்சிட்டுன்னு நீ இங்கிலீஷ்ல சொல்லிரு."

ஹைதராபாத்தில் வெகுகாலம் இருக்கும் நம் குடும்பங்களின் பழக்கம் இது. கடையிலும் பஸ்ஸிலும், அடுத்தவர் முன்னாலேயே அவரைப் பற்றித் தமிழில் பேசிக்கொள்வார்கள். நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"பரவாயில்லைங்க அண்ணா" என்றார் நர்ஸ். "நான் கோயமுத்தூர்லதானுங்க நர்ஸிங் படிச்சேன். சாவி சாரோட சட்டைப் பையில இருக்குதுங்க."

இருந்தது. சாவி வளையம் வெளியே தெரிந்தது.

"அது... மழைக்கு ஒழுகும்மா, அதான்" என்றார் அத்தான்.

"சரிங்க சார்."

என்னவாம் என்று லட்சுமம்மா கேட்டார். நர்ஸ் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீடு ஒழுகுகிறதாம் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பினார்.

லட்சுமம்மா அதை நம்பினார். "பெஹ்லே கைக்கு நை போலே சார்?" முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.



சென்னையில் என் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அக்காவிடம் போனில் விசாரித்தேன். நர்ஸ் மேட்சலில் அறை எடுத்துத் தினமும் வந்து போகிறார். அந்த ஊர் மருந்தகத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள்.